நுனி சீவிய முட்டை ஓடுகள்

என் கணவர் சுரங்கத்துக்குப் போவதை நிறுத்தியபோது எங்கள் வீட்டில் இருந்த உயிர்களை இப்போதும் வரிசையாகச் சொல்ல முடியும். நாட்டுக்கோழி ஏழு. சேவல் இரண்டு. வாத்து மூன்று. கினிக்கோழி ஒரு ஜோடி. துரை பங்களா சமையல்காரர் கொடுத்த வான்கோழிப் பெட்டை ஒன்று. நாங்கள் இரண்டு பேர். கோலார் தங்கச் சுரங்கத்து ஊரிகத்தில், மூங்கில் தட்டி வீட்டு வரிசையில், எங்களுடையது கடைசி வீடு. கடைசி வீடு என்பதால் பின்பக்கம் பத்தடி நிலம் கூடுதலாகக் கிடைத்தது. அதை அவர் முள்ளால் வளைத்துக்கொண்டார்.

நான் பெங்களூரில் மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் நர்ஸ் வேலை படித்தவள். படித்து முடித்து, கல்யாணமாகி, சுரங்க ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். கட்டுப் போடுவது, மருந்து கொடுப்பது, பிரசவம் பார்ப்பது, எந்தக் கட்டிலுக்கு என்ன ஆகாரம் என்று புத்தகத்தில் எழுதுவது என் வேலைகள். கொடுத்ததை எழுதினால் போதாது. நோயாளி விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பக்கத்தில் டிக் போட வேண்டும். எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் விதி அது.

என் கணவர் ஐந்து வருடம் மிஷின் ட்ரில்லில் வேலை செய்தவர். பாறையில் துளை போடுகிற வேலை. மேலே வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். வயது இருபத்தெட்டு. முதலில் காலையில் மட்டும் இருமினார். பிறகு ஏணி ஏறும்போது. பிறகு வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு தடவை நிற்க வேண்டியிருந்தது.

வைகாசி முடியும் சமயம் பெரிய டாக்டர் அவர் மார்பைப் பார்த்தார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு என்னை மருந்து அறைக்குக் கூப்பிட்டார். நின்றபடியே சொன்னார். நுரையீரலில் கல்தூசி. அதன்மேல் க்ஷயமும் பிடித்திருக்கிறது. இந்த வருட மழையைத் தாண்டுவது கஷ்டம். தினமும் காலையில் பாலில் அடித்து இரண்டு பச்சை முட்டை கொடு, மனதைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளச் செய். நான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக்கொண்டேன். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை. அதை நினைத்து அன்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அரை மைல். அந்த அரை மைலில் அவரிடம் என்ன சொல்வது என்று தயார் செய்துகொண்டேன்.

அவர் கினிக்கோழிக்கு ராகி இறைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சொன்னாரு உங்க தொர?"

"மார்ல தூசி படிஞ்சு சளி கட்டிகினு இருக்குதாம். தெனமும் பால்ல ரெண்டு முட்டை அடிச்சுக் குடிக்கணும். ட்ரில் பக்கம் போகக் கூடாது. ஆறு மாசத்துல சரியாய்டுமாம்."

"ஆறு மாசம்தானா?" கையிலிருந்த ராகி முழுவதையும் ஒரே வீச்சில் இறைத்துவிட்டுச் சிரித்தார். "நா இன்னாவோ ஏதோன்னு பயந்துகினு இருந்தேன் புள்ள."

அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார். நான் செய்தது சரி என்று நினைத்தேன்.

அதன் பிறகு அவருக்குக் கோழிகள்தான் வேலை. அதை வேலையாகவே செய்தார். உடைந்த பானையில் சாணமும் வைக்கோலும் போட்டு, ஈரம் தெளித்து, ஈரமண்ணில் கவிழ்த்து வைப்பார். மறுநாள் தூக்கினால் உள்ளே கரையான் மொய்த்திருக்கும். குஞ்சுகளுக்கு அதுதான் காலை ஆகாரம். கோழிகள் புரள்வதற்கு அடுப்புச் சாம்பல் கொட்டிய குழி. மழை ஈரத்தில் தலை தொங்கினால் பூண்டும் மஞ்சளும் இடித்து உருண்டை. வாத்துகள் பாறை அரைக்கும் மில்லிலிருந்து வரும் விஷக் கழிவுத் தண்ணீர் பக்கம் போகாமலிருக்க முள்வேலியில் ஓட்டை பார்ப்பது தனி வேலை. பருந்து வந்தால் கினிக்கோழிகள் ஊரையே கூட்டும். அந்தச் சத்தத்துக்கு வரிசை வீட்டுப் பெண்கள் அவரைத் திட்டுவார்கள்.

ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேலி செய்வார்கள்.

"இன்னாப்பா, இன்னிக்கு எந்த லெவல்ல வேலை?"

"ஆள எறக்கற கேஜ்லதான். ஏழு பேர் ஏறிட்டாங்க. சேவலுங்க ரெண்டும் யாரு மொதல்ல எறங்கறதுன்னு சண்ட போட்டுகினு கீதுங்க."

"கூலி?"

"எறங்கறப்போ வழியெல்லாம் போட்டுட்டுப் போவுதுங்க. வேணுமா?"

அவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். அவரும் சிரிப்பார். சிரிப்பு இருமலாக மாறுவதற்குள் அவர்கள் தெருமுனையைத் தாண்டிவிட வேண்டும் என்று பார்ப்பார். உள்ளே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இருமுவார்.

வாரத்தில் மூன்று நாள் அவர் பங்களா சமையல்கட்டுக்குப் போய் ஒரு தகர டப்பா நிறைய மிச்சம் மீதி கொண்டுவருவார். ரொட்டி ஓரம், காய்த் தோல், எலும்பு, முட்டை ஓடு. ஓட்டை வறுத்து இடித்துக் கோழிகளுக்கே போடுவோம். அப்போதுதான் அவை இடுகிற முட்டைக்கு ஓடு கெட்டியாக இருக்கும். எங்கள் வீட்டு ஓடும் வீணாகாது. அடுப்பு ஓரத்தில் ஒரு தட்டு அதற்கென்றே இருந்தது.

நான் விடிந்ததும் வேலைக்குப் போக வேண்டும். இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் எடுத்து வைப்பேன். "வெறும் வயித்துல வாடை ஒத்துக்கல. வெய்யில் ஏறட்டும், குடிக்கிறேன்" என்பார். சாயங்காலம் வந்து பார்த்தால் தட்டில் இரண்டு ஓடு இருக்கும். நான் என் நோட்டில் இரண்டு டிக் போடுவேன்.

"இன்னா நர்சம்மா, எத்தினி டிக்கு ஆச்சு?" என்று கேட்பார். சொல்லுவேன். தலையாட்டுவார்.

ஆறு வாரம் இப்படிப் போனது. எண்பதுக்கு மேல் டிக். ஆனால் அவருடைய கழுத்தெலும்புக்குப் பின்னால் குழி ஆழமாகிக்கொண்டே வந்தது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. முட்டை வேலை செய்யவில்லை, டாக்டர் சொன்ன கணக்கைவிட நோய் வேகமாகப் போகிறது என்று முடிவு செய்தேன். வேறு எதையும் சந்தேகப்படத் தோன்றவில்லை. கண்ணெதிரே ஓடுகள் இருந்தன.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயில் ஆராதனை முடிந்து வந்து, தட்டிலிருந்த ஓடுகளை வறுக்க எடுத்தேன். அன்றுதான் ஒன்றைப் பகல் வெளிச்சத்தில் கையில் வைத்துப் பார்த்தேன். பச்சை முட்டையை விளிம்பில் தட்டினால் ஓடு கோணலாக உடையும். இது நுனியில் கத்தியால் சீவினது போல வட்டமாக வெட்டுப்பட்டிருந்தது. உள்தோல் வெந்து ஒட்டியிருந்தது. எங்கள் கோழி ஒன்றுகூட இவ்வளவு வெள்ளையாக முட்டையிடாது. பெரிய டாக்டர் வீட்டுக்கு ஒரு தடவை பிரசவம் பார்க்கப் போயிருந்தபோது, அங்கே அவர்கள் அவித்த முட்டையைச் சின்னக் கிண்ணத்தில் நிறுத்தி, நுனியைச் சீவி, கரண்டியால் தோண்டிச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். தட்டிலிருந்த மற்ற ஓடுகளைப் பார்த்தேன். பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தன.

அவர் பின்பக்கம் சாம்பல் குழியைக் கிளறிக்கொண்டிருந்தார். ஓட்டை அவர் முன்னால் நீட்டினேன்.

"இது பங்களா முட்டை."

பார்த்தார். ஒன்றும் மறைக்கப் பார்க்கவில்லை. திருட்டு மாங்காயோடு பிடிபட்டவனைப் போல முகம் முழுக்கச் சிரிப்பு.

"இன்னும் ஒரு வாரம் போயிருந்தா நானே காட்டியிருப்பேன். வா" என்றார்.

பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்த அக்கா ஆம்பூர் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். புருஷன் ராத்திரி ஷிப்ட். அடுப்பங்கரை மூலையில், காலியான வெடிமருந்துப் பெட்டியில் மணலும் வைக்கோலும் போட்டு எங்கள் கறுப்புக் கோழி அடையில் உட்கார்ந்திருந்தது. அது முள்வேலி தாண்டி எங்கோ போய் நரி வாயில் விழுந்துவிட்டதென்று என் கணவர் என்னிடம் சொல்லியிருந்தார். இடி இடித்தால் முட்டை கலங்காமலிருக்க ஊரில் பெட்டிக்குள் ஆணியும் கரித்துண்டும் போடுவார்கள். இங்கே தரைக்குக் கீழே தினமும் வெடி வைக்கிறார்களே, ஆணி போதாது என்று அக்கா உடைந்த ட்ரில் முனை ஒன்றைப் போட்டிருந்தார். அடுத்த மூலையில் வான்கோழி. நாலு நாளைக்கு முன்னால் பங்களாவுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்ன வான்கோழி. கூடைக்கு அடியில் இரண்டு வாரக் குஞ்சுகள். சத்தம் எனக்குத் தினமும் கேட்டிருக்கிறது. அக்காவுடைய குஞ்சுகள் என்று நினைத்திருந்தேன்.

"மொத அடை பதினாலு. அதுல பதினொண்ணு பொரிச்சிது" என்றார் அவர். "கறுப்பிக்கு அடியில பதிமூணு. வான்கோழிக்கு அடியில பதினெட்டு. அதுக்கு ரெக்க எவ்ளோ பெருசு பாத்தியா? இன்னும் வச்சாலும் தாங்கும்."

நான் கூட்டினேன். நாற்பத்தைந்து.

"எல்லாம் நீங்க குடிக்க வேண்டியது."

"குடிச்சா அன்னிக்கோட போச்சு. அடை வச்சா கோழியாவும். கேளு புள்ள. உங்க ஆஸ்பத்திரிக்கு முட்டை பவுரிங்பேட்டையிலேர்ந்து ரயில்ல வருது. நீயே சொல்லியிருக்க, மூணுல ஒண்ணு கூமுட்டைன்னு. நா ஊரிகத்துலயே போட்டா இன்னா? அறுவது கோழி இருந்தா போதும். இனிமே ட்ரில்லே புடிக்க வேணாம்."

"டாக்டர் உங்கள முட்டை குடிக்கச் சொன்னாரு."

"நீதான சொன்ன, ஆறு மாசத்துல சரியாய்டும்னு? முட்டை கொறஞ்சா ஏழு மாசம் ஆவும். ஆவட்டுமே. இன்னா இப்போ?"

நான் அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவர் குனிந்து கூடையைத் தூக்கி, ஒரு குஞ்சை எடுத்து, அதன் வயிற்றை என் கன்னத்தில் வைத்தார். சூடாக இருந்தது.

"இனிமே என் கண்ணு முன்னாடிதான் குடிக்கணும்" என்று மட்டும் சொன்னேன்.

"குடிக்கிறேன் தாயே" என்றார்.

அவர் வெளியே போன பிறகு அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாவம், ஆசையா வச்சிகினு இருந்துச்சு தம்பி. நீ இன்னா மூஞ்சிய இப்டி வச்சிகினு கீற? ரெண்டு முட்டைக்கா?" பிறகு சிரிப்பு நின்றது. "நர்சம்மா. நெஜமா இன்னா சொன்னாரு டாக்டரு?"

முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் மாற்று நர்ஸுக்குச் சொல்வது போல, வரிசையாக, தெளிவாகச் சொன்னேன்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார்.

"நாந்தான அடை வச்சேன். இந்தக் கையாலதான ஒவ்வொண்ணா வாங்கி வச்சேன். அவன் வாயிலேர்ந்து புடுங்கி கோழிக்கடியில வச்சிருக்கேன்."

"உங்களுக்குத் தெரியாது அக்கா."

"எப்டிடி தெரியும்? படிச்சவ நீ வாய மூடிகினா, படிக்காதவ நா இன்னாத்தக் கண்டேன்?"



மறுநாளிலிருந்து காலையில் நான் முட்டை அடிக்கும்போது அக்கா அகப்பையோடு வாசலில் வந்து நிற்பார். "குடி தம்பி. இல்லன்னா உன் வான்கோழிய இன்னிக்கே கொழம்பு வச்சுடுவேன்." அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவார். "ரெண்டு போலீசு வச்சிகினு முட்டை குடிக்கிற ஆளு இந்த ஃபீல்டுலயே நா ஒருத்தன்தான்" என்பார். அக்கா சிரித்துவிட்டு, தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

முட்டை கல்தூசியைக் கரைக்காது. இது எனக்குத் தெரியும், அப்போதும் தெரியும். அந்த நாற்பத்தைந்தையும் குடித்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. எலும்பில் கொஞ்சம் சதை இருந்திருக்கும். இருமலுக்கு நடுவில் கொஞ்சம் மூச்சு இருந்திருக்கும். இரண்டு வாரம், மூன்று வாரம் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். மூன்று வாரத்தில் எத்தனை சாயங்காலம் என்று எண்ணத் தெரிந்தவள் நான்.

அவரிடம் உண்மையைச் சொல்லிவிட நாள் குறித்தேன். கறுப்பி குஞ்சு பொரித்ததும். அது பொரித்தது, ஒன்பது குஞ்சு. சொல்லவில்லை. வான்கோழி பொரித்ததும். அது பதினாறு குஞ்சை இழுத்துக்கொண்டு வெளியே வந்தபோது வரிசை முழுவதும் கூடி வேடிக்கை பார்த்தது. கோழிக்குஞ்சுகளுக்கு நடுவில் அது திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்த பெரிய மனுஷி மாதிரி கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. அவர் சிரித்துச் சிரித்து இருமி, துணியில் ரத்தம் வந்தது. துணியை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "சளி கழண்டு வருது, பாத்தியா?" என்றார். அன்றும் சொல்லவில்லை.

ஆவணியில் ஒரு மத்தியானம். எனக்கு அன்று விடுமுறை. சொல்லிவிடுவது என்று அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"நோட்டு எடு புள்ள. நா சொல்லச் சொல்ல எழுது. உனக்குத்தான் லிஸ்ட் போட்டா சோறே வேணாமே."

எடுத்தேன். அவர் சொன்னார். ஒன்று, கூண்டு தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் இருக்க வேண்டும், கீரிக்காக. இரண்டு, வாத்துக்குத் தனிக் குழி, மாதம் ஒரு தடவை தண்ணீர் மாற்ற வேண்டும். மூன்று, ஏழு பெட்டைக்கு ஒரு சேவல், அதற்கு மேல் சேவல் வேண்டாம். நான்கு, கறுப்பி வம்சத்தை விற்கக் கூடாது, அவைதான் கெட்டியாக அடையில் உட்காரும். ஐந்து, அடுத்த வருடம் ஆடியில் கோலார் சந்தையிலிருந்து புதிய சேவல், வெளி ரத்தம் வேண்டும். ஆறு, அதற்கடுத்த வருடம்...

அங்கே அவருக்கு மூச்சு வாங்கியது. "அப்பால சொல்றேன். நெம்பரு போட்டு வையி" என்றார்.

நான் ஆறு என்று போட்டு வைத்தேன். சொல்ல வந்ததைச் சொல்லாமல் எழுந்து கஞ்சி காய்ச்சப் போனேன்.

புரட்டாசி மழை தொடங்கி நான்காம் நாள், காலை ஷிப்டுக்கு ஆள் இறங்குகிற நேரத்தில் அவர் போனார். கடைசியாகச் சுயநினைவோடு பேசியது முந்தின நாள் மத்தியானம். "குஞ்சுங்கள நனைய வுடாத" என்றார். சில நாட்கள் முன்பிருந்தே நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கண் இமை மூடுவது, தாடை கட்டுவது, கை நேராக்குவது எல்லாம் நானே செய்தேன். எத்தனையோ பேருக்குச் செய்த வேலை. அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கி, "அழுது தொலைடி" என்று கத்தினார்.

வேலூர் பக்கத்திலிருந்து அவருடைய ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டும். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவருடைய அண்ணன் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"கறிக்கு எதப் புடிக்கறதும்மா? நீ சொல்றதத்தான் புடிப்போம்."

நான் வேலி ஓரம் நின்று சொன்னேன். சேவல் ஒன்று. வாத்து மூன்றும். கினிக்கோழி இரண்டும். அடைகாக்காத பெட்டை நாலு. குஞ்சுகளைத் தொட வேண்டாம். அவர்கள் பிடித்தார்கள். இறகு ஈரமண்ணில் ஒட்டிக்கொண்டது. கினிக்கோழி இல்லாததால் அந்த வாரமே பருந்து வந்து இரண்டு குஞ்சைக் கொண்டுபோனது.

மீதியை நானும் அக்காவும் வளர்த்தோம். மழையில் ஆறு செத்தன. கழிச்சலில் நாலு. பெட்டைகளாக நின்றது பதிமூன்று. தை மாதத்தில் அவை ஒன்றொன்றாக முட்டையிட ஆரம்பித்தன. முதல் முட்டைகள் சின்னதாக, எலுமிச்சம்பழ அளவில், ஓட்டில் ஒரு ரத்தக் கீற்றோடு இருக்கும். அவற்றை நான் சாப்பிடவில்லை. துணியில் கட்டி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனேன்.

ஆண்கள் வார்டில் ஜன்னல் ஓரக் கட்டிலில் ஒருவர் இருந்தார். ட்ரில் வேலைக்காரர், முப்பது வயது இருக்கும். அதே இருமல். கால்மாட்டில் மனைவி, நிறைமாதம். நான் பாலில் இரண்டு முட்டை அடித்துக் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கிக்கொண்டு, குடிக்காமல் என்னைப் பார்த்தார்.

"அம்மா, டாக்டரு உங்களாண்ட இன்னா சொன்னாரு? நா மறுபடி எறங்க முடியுமா?"

மனைவி அவருக்குப் பின்னாலிருந்து கண்ணால் கெஞ்சினாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

நான் ஒரு ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொன்னேன். எதையும் கூட்டாமல், குறைக்காமல், அவருக்குப் புரிகிற சொற்களில் சொன்னேன். மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அப்போது புதிதாக நட்டிருந்த மின்சாரக் கம்பங்களில் ஆட்கள் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு திரும்பி, டம்ளரை மனைவியிடம் நீட்டினார்.

"நீ குடி" என்றார்.

"உங்களுக்குக் குடுத்ததுங்க."

"எனக்கு எதுக்குடி இனிமே? உள்ள ஒண்ணு கீதில்ல. குடி."

அவள் என்னைப் பார்த்தாள். குடிக்கச் சொல்வதா, தடுப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. விதிப்படி தடுக்க வேண்டும். நான் தடுக்கவில்லை. அவள் அழுதுகொண்டே, நடுவில் ஒரு தடவை நிறுத்தி, முழுவதையும் குடித்தாள். அவர் அவளுடைய தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரை நான் வாங்கிக்கொண்டு போனேன்.